நோவும் நோயும்: மயக்கமருந்தின் வரலாற்றில் ஒரு வினா

தமிழில் நோய் என்ற சொல்லின் வேர் 'நோ'. நோதல் என்றால் வலித்தல். சங்கத் தலைவி தன் நோயைப் பற்றித் தோழியிடம் பேசும்போது அவள் குறிப்பது காய்ச்சலை அன்று, வலியை. வலியையும் பிணியையும் ஒரே சொல்லில் முடிந்துவைத்த மொழி நம்முடையது. புற்றுநோயோ இந்த முடிச்சுக்குள் அடங்காதது. மார்பில் எழும் புற்றுக்கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. மருத்துவரின் கத்தியோடுதான் வலி முதன்முதலாக வந்து சேர்கிறது. ஆனால் 'புற்று' என்று பெயரிட்டவர்கள் வேறொன்றைச் சரியாகவே கண்டிருந்தார்கள். கறையான் புற்றை மண்வெட்டியால் வெட்டிச் சமன்செய்துவிட்டு வந்தாலும், அடியில் உயிர் எஞ்சியிருந்தால், ஒரு மழைக்குப் பின் அதே இடத்திலோ நாலடி தள்ளியோ அது மீண்டும் எழுந்து நிற்கும். அறுத்தெறிந்த கட்டி திரும்பி வருவதற்கு இதைவிடப் பொருத்தமான உவமையை நாம் கண்டதில்லை.

இவ்விரு சொற்களும் சந்திக்கும் இடத்தில் ஒரு வினா நிற்கிறது. அறுவையின்போது உடல் படும் வலியும், அவ்வலியைத் தடுக்கக் கொடுக்கும் மருந்தும், புற்று பிற்பாடு திரும்பி வருவதோடு தொடர்புடையனவா? ஒரு மருந்தால் வலியைத் தணித்து, அம்மருந்தாலேயே நோயை வளர்த்துவிடுகிறோமா? அல்லது வலியைத் தடுப்பதே நோயைத் தடுப்பதாகவும் ஆகுமா? மருத்துவ ஆய்விதழ்களில் இவ்வினா உரக்க ஒலிக்கத் தொடங்கி இருபதாண்டுகள்தாம் ஆகின்றன. அதன் பின்னே இருக்கும் கதைக்கோ இருநூறு வயது. அக்கதையின் முக்கியமான சில பக்கங்களை எழுதியவர்கள் மருத்துவர்கள் அல்லர், நாவலாசிரியர்கள். மருத்துவம் கற்காத நாம் இதற்குள் நுழையத் துணிந்தது அதனால்தான்.

*

ஜப்பானிய எழுத்தாளர் அரியோஷி சவாகோ 1966-ஆம் ஆண்டு எழுதிய நாவல் ஒன்று 'மருத்துவரின் மனைவி' என்ற பொருள்படும் தலைப்பில் ஆங்கிலத்தில் கிடைக்கிறது. அடுத்த ஆண்டே அது திரைப்படமாகவும் வந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் நமக்கு மிகவும் பழக்கமான மாமியார் மருமகள் கதை. மகனின் ஆராய்ச்சிக்காகத் தன்னுடலைத் தருவது யார் என்று இருவருக்கும் ஓயாத போட்டி. மருந்தை அவர்கள் மாறிமாறிக் குடிக்கிறார்கள். முடிவில் மனைவி கண்பார்வை இழக்கிறாள். போட்டியும் மனக்கசப்பும் நாவலாசிரியரின் புனைவு, மருத்துவர் புனைவன்று. ஹனஓகா செய்ஷூ என்ற அந்த மருத்துவர் அரியோஷி பிறந்த அதே வக்கயாமா பகுதியில் வாழ்ந்தவர். தாயும் மனைவியும் சோதனைக்கு உடன்பட்டதும், மனைவி காயே பார்வை இழந்ததும் அவ்வூர் மரபு வழிவழியாகச் சொல்லிவரும் செய்திகள்.

ஹனஓகாவின் மருந்தில் இருந்தவை நமக்கு அந்நியமானவை அல்ல. முதன்மைப் பொருள் ஊமத்தை. அதனுடன் நாவி வகையைச் சேர்ந்த கிழங்கும் வேறு சில மூலிகைகளும். (உன்மத்தம் என்ற சொல்லே ஊமத்தை ஆயிற்று என்பர். பித்தேற்றும் செடியென்று நம் முன்னோர் அஞ்சி ஒதுக்கியதைக் கொண்டு ஒரு மனிதர் ஆழ்ந்த உறக்கத்தை வடித்தெடுத்தார்.) பல்லாண்டுச் சோதனைக்குப் பின், 1804 அக்டோபர் 13 அன்று, கான் என்ற அறுபது வயதுப் பெண்ணுக்கு அந்தக் கஷாயத்தைக் கொடுத்து உறங்கவைத்து, அவர் மார்பிலிருந்த புற்றுக்கட்டியை அகற்றினார். பொது மயக்கத்தில் நடந்ததாக நம்பத்தகுந்த பதிவு உள்ள அறுவைகளில் மிகப் பழையவற்றுள் இது ஒன்று. பாஸ்டன் நகரம் ஈதரைக் கொண்டாடுவதற்கு நாற்பத்திரண்டு ஆண்டுகள் முந்தியது.

கான் வலியின்றி விழித்தெழுந்தார். ஆனால் அரையாண்டுகூட உயிர்வாழவில்லை. 1805-இன் தொடக்கத்திலேயே அவர் இறந்துவிட்டதைப் பிற்கால ஜப்பானிய ஆய்வாளர்கள் கோயில் ஏடுகளைத் துருவிக் கண்டறிந்தனர். வெற்றிக்கதையாகச் சொல்லப்படும் நிகழ்ச்சிகளில் இந்த இரண்டாம் பாதி பெரும்பாலும் விடுபட்டுப்போகும். ஹனஓகா பிறகு நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட மார்பகக் கட்டிகளை அறுத்தார். மாணவர்களிடம் இரகசியம் காக்கும் சத்தியம் வாங்கியதாலும், ஜப்பான் அன்று கதவடைத்துக் கிடந்ததாலும், உலகம் அவரை அறியவில்லை.

*

உலகின் மறுபுறத்தில், 1811-ஆம் ஆண்டு, எட்டே நாள் இடைவெளியில் இரண்டு பெண்கள் மயக்கமருந்து ஏதுமின்றி மார்பை அறுத்துக்கொண்டார்கள். இருவரும் வரலாற்றில் பெயர் உள்ளவர்கள் என்பதால் அவர்கள் கதை நமக்குக் கிடைக்கிறது.

முதலாமவர் ஃபேனி பர்னி. 'எவலினா' நாவலால் 1778-இலேயே புகழ்பெற்றவர். ஜேன் ஆஸ்டினுக்கு முன்னோடி. பிரெஞ்சுக்காரரை மணந்து பாரிசில் வாழ்ந்தார். மார்பில் வலியும் கட்டியும் தோன்றியபின் நெடுநாள் மருத்துவரிடம் போகாமல் தள்ளிப்போட்டார். கடைசியில் நெப்போலியனின் படை மருத்துவர் லாரே பொறுப்பேற்றார். அறுவை நாளை முன்கூட்டிச் சொன்னால் நோயாளி அஞ்சி நடுங்குவார் என்று கருதி, இரண்டு மணி நேரம் முன்புதான் செய்தி அனுப்பினார்கள். செப்டம்பர் 30 அன்று கறுப்பு உடையில் ஏழு ஆண்கள் அவர் வீட்டுக்குள் நுழைந்தார்கள். முகத்தின்மேல் ஒரு மெல்லிய கைக்குட்டை போடப்பட்டது. அதன் வழியே கத்தியின் பளபளப்பு அவருக்குத் தெரிந்தது. முன்னதாகக் குடிக்கக் கிடைத்தது சிறிது மதுபானம் மட்டுமே. ஏறத்தாழ இருபது நிமிட அறுவை. சில மாதங்கள் கழித்துத் தமக்கை எஸ்தருக்கு எழுதிய நெடுங்கடிதத்தில், எலும்பைக் கத்தி சுரண்டும் உணர்வு வரை அனைத்தையும் அவர் பதிந்திருக்கிறார். எழுதி முடித்ததைத் திரும்பப் படித்துப் பார்க்கவும் அவரால் இயலவில்லை. ஆங்கிலத்தில் அறுவை மேசையிலிருந்து எழுந்த குரல்களில் இதற்கு நிகரானது இல்லை என்பது நம் கருத்து. உரைநடையின் அழகுக்காக அன்று, ஒரு நாவலாசிரியர் தம் கலைத்திறத்தையெல்லாம் ஒதுக்கிவைத்து எழுதிய பக்கங்கள் என்பதற்காக.

இரண்டாமவர் அமெரிக்காவின் இரண்டாம் குடியரசுத் தலைவர் ஜான் ஆடம்ஸின் மகள் அபிகெய்ல் ஆடம்ஸ் ஸ்மித், வீட்டில் 'நேபி'. வயது 46. பிலடெல்ஃபியாவின் புகழ்பெற்ற மருத்துவர் பெஞ்சமின் ரஷ், கத்திதான் ஒரே வழி, காலம் தாழ்த்தாதீர்கள் என்று அவருடைய தந்தைக்கு எழுதினார். அக்டோபர் 8 அன்று குவின்ஸியில் பெற்றோர் வீட்டில் பாஸ்டனின் தலைசிறந்த அறுவை மருத்துவர் ஜான் வாரன் அதைச் செய்தார்.

பர்னி அதன்பின் இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, 87 வயதில், 1840-இல் இறந்தார். நேபியோ இரண்டாண்டுகூட நிறைவதற்குள், 1813 ஆகஸ்டில், புற்று உடலெங்கும் திரும்பிப் பரவி மாண்டார். ஒரே ஆண்டு, ஒரே நோய், ஒரே வகை அறுவை. இருவருக்கும் தணிக்கப்படாத வலி. பர்னிக்கு இருந்தது உண்மையிலேயே புற்றுதானா என்று இன்றைய மருத்துவர்கள் சிலர் ஐயுறுகிறார்கள். நுண்ணோக்கியில் கட்டியைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் வழக்கம் அன்று இல்லை. அந்த ஐயத்தையும் சேர்த்தே இந்த இரு பெண்களையும் மனத்தில் வைத்துக்கொள்ளுமாறு வாசகர்களை வேண்டுகிறோம். வலியின்றி அறுக்கப்பட்ட கான் மாதங்களில் இறந்தார். வலியில் கதறிய பர்னி தலைமுறை கடந்து வாழ்ந்தார். ஒருவர் இருவர் கதையை வைத்து இவ்வினாவுக்கு விடை சொல்லப் புகுந்தால் எங்கே போய் முட்டிக்கொள்வோம் என்பதற்கு இவர்களே சான்று.

*

நேபியை அறுத்த ஜான் வாரனின் மகன்தான் ஜான் காலின்ஸ் வாரன். 1846 அக்டோபர் 16 அன்று மசாசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், பல் மருத்துவர் வில்லியம் மார்ட்டன் ஈதர் ஆவியை முகரவைக்க, ஓர் இளைஞரின் கழுத்திலிருந்த கட்டியை வலியின்றி அகற்றியவர் இவர். தந்தை மயக்கமின்றி அறுத்ததற்கும் மகன் மயக்கத்தில் அறுத்ததற்கும் இடையே முப்பத்தைந்து ஆண்டுகள். (ஜார்ஜியா மாநிலத்தில் க்ராஃபர்டு லாங் 1842-லேயே ஈதரைப் பயன்படுத்தியிருந்தார், ஆனால் உடனே எழுதி வெளியிடவில்லை. அவர் அறுத்ததும் கழுத்துக் கட்டியே.)

வலி நீங்கியதை எல்லோரும் கொண்டாடினார்கள் என்று நாம் எண்ணிக்கொள்வோம். அப்படியன்று. 1847-இல் பாரிசில் உடலியல் மேதை மாஜாந்தி, நோயாளியை உணர்வற்றவராக்குவது ஒழுக்கக்கேடு என்று வாதிட்டார். 1854-இல் கிரிமியப் போருக்குச் சென்ற பிரிட்டிஷ் படையின் தலைமை மருத்துவ அதிகாரி ஜான் ஹால், கடுங்காயமுற்றவர்களுக்குக் குளோரோஃபார்ம் கொடுப்பதை எச்சரித்துச் சுற்றறிக்கை விட்டார். கத்தியின் சுரீர் வலி உயிரைத் தூண்டி நிறுத்தும் என்பது அவர் எண்ணம். வலி ஒரு பயன் கருதி இருக்கிறது, அதைப் பறித்தால் ஏதோவொன்றை விலையாகக் கொடுக்க நேரும் என்ற அச்சம் மயக்கமருந்தோடு கூடப்பிறந்தது. பின்னாளில் மார்ஃபினைப் பற்றி எழுந்த அச்சமும் இதன் வாரிசே.

ஆனால் மயக்கமருந்து புற்றின் போக்கை உண்மையிலேயே மாற்றிய வழி வேறு. அது மருத்துவருக்கு நேரம் கொடுத்தது. பர்னியின் காலத்தில் வேகமே திறமை. கதறும் உடலில் எல்லையைத் தேடித்தேடி அறுக்க யாராலும் முடியாது. பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஹால்ஸ்டெட் மணிக்கணக்காக நின்று, மார்பையும் அதன் அடித்தசையையும் அக்குளின் நிணநீர்க் கணுக்களையும் ஒரே துண்டாக எடுத்தார். ஈதர் இல்லாமல் இது கற்பனைக்கும் எட்டாது. 1894-இல் அவர் வெளியிட்ட அறிக்கையின்படி 50 பெண்களில் மூவருக்கு மட்டுமே அறுத்த இடத்தில் புற்று மீண்டது. ஒப்பீட்டுக்காக அவர் தந்த பட்டியலில் வியன்னாவின் பெரும்புகழ் பில்ரோத்தின் எண்ணிக்கை 82 விழுக்காடு. இன்னொன்றும் உண்டு: வலிக்கு அஞ்சி மாதக்கணக்கில் கட்டியை மறைத்த பர்னியைப் போன்றோர் சற்று முன்னதாக மருத்துவரிடம் வரும் துணிவையும் மயக்கமருந்தே கொடுத்தது. இதை அளவிட்டுச் சொல்ல எண்கள் இல்லை. ஆயினும் புற்று மீள்வதைத் தடுத்ததில் மயக்கமருந்தின் பெரும்பங்கு இதுவாகவே இருக்கும் என்று நமக்குத் தோன்றுகிறது.

ஹால்ஸ்டெட்டைப் பற்றி இன்னும் இரண்டு செய்திகள். கொக்கெய்னை நரம்பருகே செலுத்தி ஒரு பகுதியை மட்டும் மரக்கச் செய்யலாம் என்று 1884-85-இல் தம்மீதே சோதித்து, அம்மருந்துக்கு அடிமையாகி, அதிலிருந்து மீட்கத் தரப்பட்ட மார்ஃபினுக்கும் அடிமையானவர் அவர். வலி நீக்கும் மருந்துகள் என்ன விலை கேட்கும் என்பதை அவரைவிட அறிந்தவர் எவருமிலர். மற்றது, அவருடைய அகன்ற அறுவை ஏறத்தாழ எண்பது ஆண்டுக்காலம் கேள்விக்கு அப்பாற்பட்டதாக நின்றது. 1971-இல் பெர்னார்டு ஃபிஷர் தொடங்கிய ஆய்வில், யாருக்கு எந்த அறுவை என்பதைக் குலுக்கல் தீர்மானித்தது. குறைவாக அறுக்கப்பட்ட பெண்களும் அதே அளவு காலம் வாழ்ந்தார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஒரு மேதையின் சொந்தப் பதிவேடு ஒன்று சொல்லும். குலுக்கல் வேறொன்று சொல்லும். பின்னால் டப்ளினுக்குப் போகும்போது இது நமக்குப் பயன்படும்.

*

ஏன் சிலருக்கு மட்டும் புற்று திரும்புகிறது? 1889-இல் லண்டன் மருத்துவர் ஸ்டீபன் பேஜட், மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்களின் பிணக்கூறாய்வுப் பதிவுகளைப் புரட்டி, விதையும் நிலமும் என்ற உவமையைக் கொடுத்தார். விதை எங்கும் சிதறும். ஏற்ற நிலத்தில்தான் முளைக்கும். அறுவை நடக்கும் சில மணி நேரத்தில் அந்த நிலத்துக்கு என்ன நேர்கிறது என்று கேட்டவர் ஓஹியோவின் ஜார்ஜ் க்ரைல். புற்றைக் கேட்டவர் அல்லர் அவர், அதிர்ச்சியைக் கேட்டார். ஆயினும் அவர் தலை, கழுத்துப் புற்று அறுவையின் முன்னோடிகளில் ஒருவர். 132 அறுவைகளைப் பற்றிய அவருடைய 1906-ஆம் ஆண்டுக் கட்டுரை இன்றும் பேசப்படுகிறது.

க்ரைலின் எண்ணம் எளியது, துணிவானது. ஈதரில் உறங்குபவர் வலியை அறியவில்லை; ஆனால் அவர் நரம்புகள் அறிகின்றன. வெட்டின் சேதி மூளைக்குப் போய்க்கொண்டேயிருக்கிறது, உடல் போர்க்கோலம் பூணுகிறது. ஆகவே உறக்கம் மட்டும் போதாது. கத்தி படப்போகும் இடத்தில் முன்னதாகவே நோவோகெய்ன் என்ற மரப்பு மருந்தைச் செலுத்தி அச்சேதியை வாயிலிலேயே தடுக்க வேண்டும். 1910-களில் இதற்கு ஒரு முழு முறைமையே வகுத்து, 1914-இல் நூலாகவும் வெளியிட்டார். அதன்பின் அம்முறை மறக்கப்பட்டது. அவர் 1921-இல் நண்பர்களோடு சேர்ந்து நிறுவிய கிளீவ்லாந்து மருத்துவமனை மறக்கப்படவில்லை.

க்ரைலின் சிந்தனை புற்றுக்கு வந்துசேர நெடுங்காலம் பிடித்தது. கலிஃபோர்னியாவில் ஜான் லீபெஸ்கைண்ட் என்ற உளவியலாளர் வலியை ஆராய்ந்துகொண்டிருந்தார். வலி கொல்லக்கூடும் என்ற பொருளில் தலைப்பிட்டு 1991-இல் ஒரு குறுங்கட்டுரை எழுதினார். அவரும் கேல் பேஜ், ஷம்கர் பென்-எலியாஹூ ஆகியோரும் 1993-இல் வெளியிட்ட சோதனை இது: எலிகளின் வயிற்றை அறுத்துத் தைத்து, மார்பகப் புற்றணுக்களை இரத்தத்தில் செலுத்தினால், அறுக்கப்படாத எலிகளைவிட அவற்றின் நுரையீரலில் புற்று கூடுதலாக முளைத்தது. அறுத்த எலிகளுக்கு மார்ஃபின் கொடுத்து வலியைத் தணித்தபோது அந்தக் கூடுதல் குறைந்தது. அறுவையின் அதிர்ச்சியில் சுரக்கும் அட்ரினலின் போன்ற பொருள்கள், அலைந்து திரியும் புற்றணுக்களைக் கொன்று தீர்க்கும் 'இயற்கைக் கொல்லி' அணுக்களைச் சில நாள்களுக்கு முடக்கிவிடுகின்றன என்பது அவர்கள் தந்த விளக்கம். க்ரைல் இதைப் படித்திருந்தால் துள்ளிக் குதித்திருப்பார்.

ஆனால் 2002-இல் மின்னசோட்டாவிலிருந்து கல்ப்னா குப்தாவும் சகாக்களும் நேர்மாறான சேதியைக் கொண்டுவந்தார்கள். சுண்டெலிகளில் மார்ஃபின் புதிய இரத்தக்குழாய்கள் முளைப்பதைத் தூண்டி, மார்பகப் புற்றை வளர்க்கிறது. அடுத்த ஆண்டு பென்-எலியாஹூவின் டெல் அவிவ் கூடத்திலிருந்து மற்றொன்று: ஹாலோத்தேன், தயோபென்டால், கெட்டமின் ஆகிய மயக்கமருந்துகள் எலிகளின் கொல்லி அணுக்களை முடக்கிப் புற்றைப் பரப்புகின்றன; புரோப்போஃபால் அவ்வாறு செய்யவில்லை. ஆக ஒரே மார்ஃபின், ஒரு கூடத்தில் காவலன், மற்றொன்றில் கள்வன். வலியோடிருக்கும் உடலில் ஒன்றும் வலியற்ற உடலில் வேறொன்றும் அது செய்யக்கூடும் என்பது பொருத்தமான விளக்கமே. இருந்தாலும் எலியிலிருந்து மனிதருக்குப் பாலம் வேண்டுமே.

*

அந்தப் பாலம் கிடைத்துவிட்டது போலத் தோன்றிய ஆண்டு 2006. டப்ளின் நகர மாட்டர் மருத்துவமனையில் டோனல் பகியும் சகாக்களும் 129 மார்பகப் புற்று நோயாளிகளின் பழைய ஏடுகளைப் புரட்டினார்கள். அவர்களில் 50 பேருக்கு, முதுகெலும்பிலிருந்து நரம்புகள் வெளிவரும் இடத்தில் மரப்பு ஊசி போடப்பட்டிருந்தது. மற்ற 79 பேருக்குப் பொது மயக்கமும் பிறகு மார்ஃபினும். மூன்றாண்டு முடிவில் ஊசி பெற்றவர்களில் 94 விழுக்காட்டினர் புற்று மீளாமல் இருந்தார்கள். மற்றவர்களில் 77 விழுக்காட்டினர். எந்தக் கீமோ மருந்தும் பொறாமைப்படும் வித்தியாசம் இது. இரண்டாண்டு கழித்து விந்துச்சுரப்பிப் புற்றிலும் இதுபோன்ற செய்தி டப்ளினிலிருந்தே வந்தது.

இங்கேதான் ஹால்ஸ்டெட்டின் பதிவேடு நினைவுக்கு வர வேண்டும். யாருக்கு ஊசி, யாருக்கு மார்ஃபின் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கவில்லை. கட்டி சிறியதாக இருந்தவருக்கோ உடல்நலம் கூடியவருக்கோ ஓரளவு கூடுதலாக ஊசி போடப்பட்டிருந்தாலே போதும், தராசு சாய்ந்துவிடும். 129 என்பது சிறிய எண். இவற்றையெல்லாம் டப்ளின்காரர்களே தம் கட்டுரையில் ஒப்புக்கொண்டிருந்தார்கள். பத்திரிகைத் தலைப்புகளில்தாம் அந்த அடக்கம் கரைந்துபோயிற்று.

இக்கதையில் நாம் மிகவும் மதிக்கும் பகுதி அடுத்தது. தமக்குப் புகழ் தந்த முடிவைப் பாதுகாத்துக்கொண்டு உட்கார்ந்திருக்காமல், அதே பகியும் அக்கட்டுரையின் மற்றோர் ஆசிரியரான டேனியல் செஸ்லரும் அதை உடைத்துப் பார்க்கும் சோதனையைத் தாமே தொடங்கினார்கள். செஸ்லர் பணியாற்றியது க்ரைல் நிறுவிய அதே கிளீவ்லாந்து மருத்துவமனையில். 2007 தொடங்கி 2018 வரை, அர்ஜென்டினா, ஆஸ்திரியா, சீனா, ஜெர்மனி, அயர்லாந்து, நியூசிலாந்து, சிங்கப்பூர், அமெரிக்கா ஆகிய எட்டு நாடுகளின் 13 மருத்துவமனைகளில் பெண்களைச் சேர்த்து, குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு முதுகு ஊசியும் புரோப்போஃபாலும். மறு பிரிவுக்குச் செவோஃப்ளூரேன் ஆவியும் மார்ஃபின் வகை மருந்தும். 2019-இல் 'லான்செட்' இதழ் முடிவை வெளியிட்டது. கணக்கில் வந்த 2,108 பெண்களில், ஊசிப் பிரிவில் 1,043 பேரில் 102 பேருக்கும், மறு பிரிவில் 1,065 பேரில் 111 பேருக்கும் புற்று மீண்டது. இருபுறமும் பத்து விழுக்காடு. வித்தியாசம் இல்லை.

பன்னிரண்டு ஆண்டு உழைப்பின் விடை 'இல்லை' என்று வந்தால் அதை எப்படி ஏற்பது? நம் பார்வையில் இது நற்செய்தி. எந்த மயக்கமுறையைத் தேர்ந்தாலும் புற்று மீள்வதில் அதற்குப் பங்கில்லை என்றால், நோயாளிக்கு எது பாதுகாப்போ எது வசதியோ அதையே மருத்துவர் தேரலாம். ஆனால் அதே கட்டுரையில் தலைப்புக்கு வராத இன்னோர் எண் இருக்கிறது. ஆறு மாதம் கழித்தும் வெட்டுத் தழும்பில் வலி இருந்ததாகச் சொன்னவர்கள் இரு பிரிவிலும் 52 விழுக்காடு. ஓராண்டு கழித்தும் கால்பங்குக்கு மேற்பட்டோர். மீள்வதைப் பற்றிய வாதத்தில் எல்லோரும் மூழ்கியிருந்தபோது, இந்தப் பெண்களில் பாதிப்பேர் நோவோடு வாழ்ந்துகொண்டிருந்தார்கள். இதைப் பற்றி யாரும் தலைப்புச்செய்தி எழுதியதாக நாம் காணவில்லை.

வயிற்றுப் புற்றிலும் நுரையீரல் புற்றிலும் முதுகுத்தண்டு ஊசியைச் சோதித்த ஆய்வுகளும் இதே வழியில் முடிந்தன. ஆவியா, நரம்பில் ஏற்றும் புரோப்போஃபாலா என்ற பட்டிமன்றமும் அவ்வாறே. 2016-இல் லண்டனின் ராயல் மார்ஸ்டன் ஏடுகள் புரோப்போஃபாலுக்குச் சார்பாகப் பேசின. 2023-இல் ஸ்வீடனை மையமாகக் கொண்டு 1,700-க்கும் மேற்பட்ட மார்பகப் புற்று நோயாளிகளிடம் குலுக்கல் முறையில் நடந்த ஆய்வில் ஐந்தாண்டு வாழ்வில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை.

*

மார்ஃபினைப் பற்றிச் சொல்லாமல் இதைக் கடந்துபோக முடியாது. சுண்டெலிச் செய்தி ஆய்விதழைத் தாண்டி வெளியே வந்தபோது அது 'மார்ஃபின் புற்றை வளர்க்கும்' என்று சுருங்கிவிட்டது. அச்செய்தி எந்த நாட்டில் போய் விழுகிறது என்பதைப் பொறுத்து அதன் விளைவு மாறும். சட்டபூர்வமாக அபினி விளைவித்து உலகுக்கு விற்ற நம் நாட்டில், 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குப் பின் மருத்துவ மார்ஃபின் பயன்பாடு பத்திலொரு பங்குக்கும் கீழே இறங்கியது. பல உரிமங்கள் வாங்கி மார்ஃபின் வைத்திருக்க எந்த மருத்துவமனையும் ஆசைப்படவில்லை. 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி தணிப்பு இயக்கம் போன்றவற்றின் இடையறாத முயற்சியால்தான் 2014-இல் சட்டம் தளர்த்தப்பட்டது. அத்தகைய இடத்தில், முற்றிய புற்றால் துடிக்கும் தாய்க்கு மாத்திரை வாங்கக் கையெழுத்துப் போடத் தயங்கும் ஒரு மகனின் காதில் 'அது நோயை வளர்க்குமாமே' என்ற சொல் விழுந்தால் என்ன ஆகும்? மனிதரில் குலுக்கலில் வந்த எந்தப் பெரிய முடிவும் அந்த அச்சத்துக்கு ஆதரவாக இல்லை. 2019 ஆய்வில் மார்ஃபின் வகை மருந்து கூடுதலாகப் பெற்ற பிரிவு எவ்வகையிலும் பின்தங்கவில்லை. மாஜாந்தி காலத்து ஐயம் ஆய்வுக்கூட உடை அணிந்து திரும்பி வந்தது என்றே இதை நாம் வாசிக்கிறோம்.

அப்படியானால் கதவு முற்றும் மூடிவிட்டதா என்றால், இல்லை. அதைச் சற்றே திறந்துவைத்திருப்பது மும்பை. 1941 முதல் இயங்கிவரும் டாட்டா நினைவு மருத்துவமனையின் ராஜேந்திர பட்வே தலைமையிலான குழு, இந்தியாவின் பல மையங்களில் 1,600 பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, 2023-இல் முடிவை வெளியிட்டது. முதுகு நரம்புக்கு அவர்கள் போகவில்லை. நேராகக் கட்டியைச் சுற்றியே, கத்தி படுவதற்கு ஏழு முதல் பத்து நிமிடம் முன்னதாக, லிக்னோகெயினைச் செலுத்தினார்கள். பல் பிடுங்கும்போது போடுகிறார்களே, அதே மருந்து. எந்த மருத்துவமனையிலும் இருக்கும், விலையும் அற்பம். ஐந்தாண்டு முடிவில் நோய் மீளாமல் இருந்தவர்கள் ஊசி பெற்றோரில் 86.6 விழுக்காடு, பெறாதோரில் 82.6. உயிரோடிருந்தவர்கள் 90.1-உம் 86.4-உம். மரப்பு மருந்து புற்றணுவின் சவ்வில் உள்ள சோடிய வாயில்களை அடைத்து, வெட்டின்போது அவை கலைந்து பரவுவதைத் தடுக்கலாம் என்பது அவர்கள் கருதுகோள். கத்திக்கு முன்னே திசுவை மரக்கச் செய்ய வேண்டும் என்ற க்ரைலின் முறைதான், காரணம் மட்டும் வேறு.

ஐயங்கள் உண்டு. ஊசி பெறாத பிரிவுக்கு வெறும் உப்புநீர்கூடச் செலுத்தப்படவில்லை. யாருக்கு என்ன என்பது அறுவை மருத்துவருக்குத் தெரியும். பத்து நிமிடத்து மரப்பு ஐந்தாண்டு வாழ்வில் இவ்வளவு மாற்றம் செய்யுமா என்று வியந்து கேட்பவர்கள் டப்ளின் அனுபவத்தைச் சுட்டுகிறார்கள். ஆனால் டப்ளின் கண்டது 129 பழைய ஏடுகளில். மும்பை கண்டது குலுக்கலில் பிரித்த பதினாறு நூறு பெண்களிடம். இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமன்று. வேறு நாட்டில், வேறு கைகளால், மருத்துவருக்கும் தெரியாத வகையில் இதை மீண்டும் செய்து பார்ப்பதே அடுத்த படி. மருந்தின் விலை அற்பம் என்பதால் அத்தகைய சோதனைக்குப் பணம் போட எந்த மருந்து நிறுவனத்துக்கும் காரணம் இல்லை. பொதுப்பணத்தில் இயங்கும் மருத்துவமனைகள்தாம் அதைச் செய்தாக வேண்டும்.